கணினி கத்துகிறதா? காது கொடுத்துக் கேளுங்கள்!



இன்றைய தலைப்பு மிகச் சிறியது. மேசைக் கணினியின் பின்பக்கம், மின்கம்பியைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குப் பவர் சப்ளை என்று பெயர். அதற்குள் ஒரு காற்றாடி சுழல்கிறது. அந்தக் காற்றாடியின் இரைச்சல்தான் தலைப்பு. இதைப் பேசவும் ஒரு கருத்தரங்கா என்று சிலர் கேட்கலாம். அந்தக் காற்றாடியின் விலை பெரிதல்ல. ஆனால் அது நின்றுபோனால் போவது கணினி மட்டுமல்ல. பிள்ளையின் பாடங்கள், கடையின் கணக்கு, குடும்பத்தின் பழைய படங்கள் எல்லாம் சேர்ந்து போகலாம். அதைச் சரிசெய்கிறேன் என்று தவறான இடத்தில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இது பேசத்தக்க செய்தி.

கைப்பேசிக் காலத்தில் மேசைக் கணினி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் வரும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்க வேண்டிய நிலை. அப்போது எத்தனையோ வீடுகளில் ஸ்டோர் அறையில் கிடந்த பழைய கணினிகள் தூசு தட்டி எடுக்கப்பட்டன. அவற்றில் பல இன்றும் வரவேற்பறையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் கடைகளிலும், பிரிக்பீல்ட்ஸ் அச்சகங்களிலும், டியூஷன் வகுப்புகளிலும், ஆலய அலுவலகங்களிலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கணக்கு எழுதுவது இன்றும் மேசைக் கணினிதான். காலையில் போட்டால் இரவுவரை ஓடும். அதன் இரைச்சல் எல்லோருக்கும் பழகிப் போயிருக்கும். பழகிப் போனதுதான் சிக்கல்.

காற்றாடிக்கு என்ன வேலை?

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்பு 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் அது 230 வோல்ட் என மாற்றப்பட்டது. ஆனால் கணினியின் உள்ளுறுப்புகளுக்கு அவ்வளவு மின்னழுத்தம் ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட். அதுவும் நேர் மின்னோட்டமாக வேண்டும். பெரிய மின்சாரத்தை வாங்கிச் சிறிய மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதுதான் பவர் சப்ளையின் தொழில்.

மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். வீணாவது எல்லாம் வெப்பமாக வெளிப்படும். ஒரு கணக்கைப் பாருங்கள். கணினிக்கு 200 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 70 விழுக்காட்டுத் திறனுள்ள மலிவான பெட்டி, அந்த 200 வாட்டைக் கொடுக்கச் சுவரிலிருந்து சுமார் 286 வாட் இழுக்கும். மீதி 86 வாட் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடாக நிற்கும். 80 விழுக்காட்டுத் திறன் என்றால் வெப்பம் 50 வாட். 90 விழுக்காடு என்றால் வெறும் 22 வாட். ஆக, மலிவான பெட்டிக்கும் நல்ல பெட்டிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஏறக்குறைய நான்கு மடங்கு.

அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதற்குத்தான் காற்றாடி. சூடு கூடினால் அதன் வேகமும் கூடும். வேகம் இரட்டிப்பானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் உயரும் என்பது காற்றாடிப் பொறியியலின் கணக்கு. எனவே இரைச்சலைக் குறைப்பது என்றால், பாதி வேலை சூட்டைக் குறைப்பதுதான்.

முதலில் யார் கத்துகிறார் என்று பாருங்கள்

கணினிக்குள் சத்தம் போடும் உறுப்பு ஒன்றல்ல. மூளைச் சில்லின் மேல் ஒரு காற்றாடி இருக்கும். பெட்டியின் முன்னும் பின்னும் இருக்கலாம். விளையாட்டுப் பிரியர்களின் கணினியில் கிராபிக்ஸ் அட்டைக்கும் தனியாக இருக்கும். பழைய கணினி என்றால் ஹார்டு டிஸ்க்கும் சுழலும். இவற்றில் எது கத்துகிறது என்று தெரியாமல் பவர் சப்ளையை மாற்றினால், காசும் போகும், சத்தமும் போகாது.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பழைய செய்தித்தாளைக் குழல்போலச் சுருட்டுங்கள். ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறு முனையைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில், எதையும் தொடாமல், இடம் இடமாக நகர்த்துங்கள். சத்தம் எந்த இடத்தில் ஓங்கி வருகிறது என்று உடனே பிடிபடும். ஓடும் காற்றாடிக்குள் ஸ்குருடிரைவரையோ ஈர்க்குச்சியையோ விட்டு நிறுத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இடம் தெரிந்தபின் சத்தத்தின் குணத்தைக் கேட்க வேண்டும். காய்ச்சலில் எத்தனை வகையோ, இரைச்சலிலும் அத்தனை வகை.

காலையில் போட்டதும் கரகரவென்று கத்தி, பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் அது அச்சின் நோய். மலிவான காற்றாடிகளில் அச்சு ஓர் உலோகக் குழலுக்குள் எண்ணெய்ப் பூச்சில் சுழல்கிறது. ஆண்டுகள் போகப்போக எண்ணெய் வற்றுகிறது. இரவு முழுவதும் நின்று கிடந்த காற்றாடி புறப்படும்போது உரசுகிறது. சூடேறியதும் மிச்சமுள்ள எண்ணெய் இளகிப் பரவுகிறது, சத்தம் அடங்குகிறது. அடங்கியதால் குணமாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. இன்று பத்து நிமிடம், பிறகு அரை மணி, அப்புறம் நாள் முழுவதும் என்று அது வளரும்.

டக் டக் என்று ஒரே தாளத்தில் தட்டினால், இறக்கையில் ஏதோ இடிக்கிறது. ஒரு வயர் சாய்ந்திருக்கலாம். இறக்கை உடைந்திருக்கலாம். பல்லியோ கரப்பானோ உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம்.

கரகரப்பு இல்லாமல், பெரிய காற்று வீசுவதுபோல ஓயாமல் இரைந்தால் காற்றாடிக்கு நோய் இல்லை. அது தன் சக்திக்கு மேல் உழைக்கிறது. தூசு அடைத்திருக்கும், அல்லது காற்று போக வழி இருக்காது.

பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினால் சத்தம் நிற்கிறதா? அது திருகாணி தளர்ந்து தகடு அதிரும் ஓசை. இறுக்கினால் போதும்.

கொசு ரீங்காரம் போல மெல்லிய கூர்மையான ஒலி வந்து, திரையில் வேலை மாறும்போது அதுவும் மாறினால் அது காற்றாடியே அல்ல. உள்ளிருக்கும் கம்பிச்சுருள் அதிரும் ஒலி. பெரும்பாலும் தொல்லைதானே தவிர ஆபத்து இல்லை. ஆனால் கருகிய வாடை சேர்ந்து வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கிளிக், கிளிக் என்று விட்டு விட்டுக் கேட்டால் அது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். அப்போது காற்றாடியை மறந்துவிடுங்கள். முதல் வேலை, வேண்டிய கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுப்பது.

கடைசியாக ஒன்று. மாதக்கணக்கில் கத்திய காற்றாடி ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிட்டால், அதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஒலி. காற்றாடி நின்றுவிட்டது என்று பொருள். பின்பக்கம் கையைக் காட்டிப் பாருங்கள். காற்று வரவில்லை, பெட்டி சுடுகிறது என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். புதிய தரமான சில பெட்டிகளில் வேலை குறைவாக இருக்கும்போது காற்றாடி தானே நின்று, சூடேறும்போது தானே சுழலும். அது வேறு. பழைய பெட்டியில் அந்த வசதி கிடையாது.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தூசு?

கணினிக் காற்றாடி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தின் தூய காற்றில் சுழல்வதில்லை. நம் வீட்டுக் காற்றில்தான் சுழல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புகைமூட்டம் புதிதல்ல. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது. 2015லும் 2019லும் மீண்டும் வந்தது. மனிதர்கள் முகக்கவசம் போட்டார்கள். கணினிக்கு யார் போட்டார்கள்?

புகைமூட்டம் எப்போதாவது வருவது. வீட்டுப் புகை அன்றாடம் வருவது. சாமி மேடைக்குப் பக்கத்திலேயே கணினி இருக்கும் வீடுகள் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம். இன்னும் சில வீடுகளில் சமையலறையை ஒட்டிக் கணினி இருக்கும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை காற்றோடு உள்ளே போகும். வெறும் தூசு என்றால் ஊதினால் பறந்துவிடும். எண்ணெயும் கரியும் கலந்த தூசு கம்பளிபோலப் படியும், ஊதினால் போகாது.

இதற்கு மேல் வெயில். நண்பகலில் வெளியே 32, 33 டிகிரி என்றால் பெட்டிக்குள் 40 டிகிரியைத் தாண்டுவது எளிது. பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பத்து ஆண்டு உழைக்க வேண்டியது ஐந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். இப்போது தெரிகிறதா, காற்றாடியின் இரைச்சல் ஏன் வெறும் சத்தத் தொல்லை அல்ல என்று?

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் கணினியை முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காமல், வெளியே இருந்தபடியே அதன் கம்பி வலையில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். கணினிக் கடையில் கிடைக்கும் காற்றுப் புட்டியாலோ கையால் அழுத்தும் ஊதியாலோ விட்டுவிட்டு ஊதலாம். ஒரேயடியாக ஊதிக் காற்றாடியைப் பம்பரம்போலச் சுழலவிடக் கூடாது, அச்சு கெடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். எனவே அதுவும் வேண்டாம். இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து செய்வது நல்லது.

அடுத்து, கணினி இருக்கும் இடம். தரையில், அதுவும் கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள். புதுவகைப் பெட்டிகளில் பவர் சப்ளை அடியில் இருப்பதால் தரைத் தூசியை நேராக உறிஞ்சும். ஒரு சாண் உயரமுள்ள பலகை போதும். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது, சூடான காற்றையே திரும்பத் திரும்பக் குடிக்க வைப்பதாகும். தூசு படக்கூடாது என்று துணியால் போர்த்துவது நல்ல எண்ணம்தான். ஆனால் கணினி ஓடும்போது போர்வை இருக்கவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் பெருங்காற்று இரைச்சல் குறைந்தால், காற்றாடிக்குக் குறை இல்லை. கரகரப்பும் தட்டலும் தொடர்ந்தால், அடுத்த வேலை வீட்டில் செய்வதல்ல.

செய்யவே கூடாதது

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியின் மேல் நான்கு திருகாணிகள்தான் இருக்கும். கழற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே, இனி என்ன பயம் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்னோட்டம், பெட்டிக்குள் நேர் மின்னோட்டமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. அதைச் சேர்த்து வைப்பவை பெரிய மின்தேக்கிகள். தண்ணீர்க் குழாயை மூடினாலும் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல, பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கலாம். அதை மெல்ல வடித்துவிட ஓர் உறுப்பு இருக்க வேண்டும். மலிவான பெட்டியில் அது சரியாக இருக்கும் என்றோ, பழைய பெட்டியில் அது பழுதாகவில்லை என்றோ யாரும் உறுதி சொல்ல முடியாது. விரல் தவறிப் பட்டால் உயிரைக் குடிக்கக்கூடிய மின்னதிர்ச்சி அது. பெட்டியின் மேலேயே திறக்காதே என்ற எச்சரிக்கை ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

சிலர் வலை வழியாகவே தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றை அடித்துவிடுவார்கள். எண்ணெய் போக வேண்டிய இடம் காற்றாடியின் நடுவில், ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது. வெளியே இருந்து அடித்தால் அங்கே போகாது, மின்சுற்றின் மேல்தான் விழும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். ஸ்பிரேயின் ஆவி தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. பத்து வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டுக்கே வினை தேட வேண்டுமா?

கடையில் என்ன பேசுவது?

பழுது பார்க்கும் கடைக்குப் போய், "தம்பி, சத்தமா இருக்கு, பாத்துக் குடு" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் ஊகித்துத்தான் செய்ய வேண்டும். நல்ல கடைக்காரர், "அக்கா, போட்டதும் சத்தமா, கொஞ்ச நேரம் கழிச்சா? எந்த இடத்துல வைச்சிருக்கீங்க? எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிறவரிடமே வேலையைக் கொடுங்கள். கேட்காவிட்டாலும், மேலே சொன்ன வகைகளில் எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அனுபவமுள்ள தொழில்நுட்பர் காற்றாடியை மட்டும் மாற்ற முடியும். அதே அளவு, அதே 12 வோல்ட், குறையாத காற்றோட்டம், வெப்பக் காற்றைப் பழைய திசையிலேயே தள்ளும்படி பொருத்துதல் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். சத்தம் குறைய வேண்டும் என்று மெதுவாகச் சுழலும் காற்றாடியைப் போட்டால், காதுக்குச் சுகம், பெட்டிக்கு மரணம்.

ஆனால் பெட்டிக்கு ஆறேழு வயது ஆகிவிட்டதா? மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா? கருகிய வாடை அடித்ததா? கணினி தானாக அணைகிறதா? அப்படியானால் பெட்டியையே மாற்றுவதுதான் சரி. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் கணினிகளில் புகுந்து, உப்பி வெடித்த வரலாறு உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன என்றால் அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதே மரியாதை.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், லோயாட் பிளாசாவுக்குப் போனாலும் பக்கத்துத் தாமான் கடைக்குப் போனாலும், பெட்டியின் மேல் எழுதிய வாட் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. சாதாரண அலுவலகக் கணினி 100 வாட்டை ஒட்டித்தான் செலவழிக்கும். 600 என்று எழுதிய மலிவுப் பெட்டியைவிட, 400 என்று உண்மையாக எழுதிய பெட்டியே மேல். அந்த வாட் அளவு எந்த வெப்பத்தில் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். 25 டிகிரியில் கணக்கிட்டது நம் ஊர் வெயிலுக்கு உதவாது. 40 அல்லது 50 டிகிரி என்றிருந்தால் நம்பலாம். 2004ஆம் ஆண்டில் தொடங்கிய 80 பிளஸ் என்ற தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 80 மில்லிமீட்டர் காற்றாடியைவிட 120 மில்லிமீட்டர் காற்றாடிக்குப் பரப்பு இரண்டேகால் மடங்கு. அது மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும், அதனால் சத்தம் குறைவு.

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகளின் பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 115இல் இருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் நம் ஊர் மின்சாரத்தில் செருகினால் ஒரு வெடிச்சத்தத்தோடு கதை முடியும்.

ஷா ஆலத்திலிருந்து ஒரு முத்திரை

மின்பொருள் பாதுகாப்பு என்றதும் ஷா ஆலத்துக்குத் தனி இடம் உண்டு. 1975ஆம் ஆண்டில் உருவான சிரிம் நிறுவனத்தின் தலைமையகம் ஷா ஆலம் செக்‌ஷன் 2இல்தான் இருக்கிறது. பிளக், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் வயர் போன்றவை எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரமும் சிரிம் முத்திரையும் பெற்றே விற்கப்பட வேண்டும். ஆனால் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் எக்ஸ்டென்ஷனை வாங்கும்போது எத்தனை பேர் அந்த முத்திரையைத் தேடுகிறார்கள்? விலையுயர்ந்த கணினியை முத்திரையற்ற வயரில் மாட்டுவது, புதுக்காருக்குத் தேய்ந்த டயர் போடுவதுபோல.

இன்னொரு பழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். மூன்று துளை சாக்கெட்டில் இரண்டு கால் பிளக்கைச் செருக, மேல் துளையில் பேனா மூடியைக் குத்துவது. அந்தத் துளை நில இணைப்புக்கு உரியது. கணினிப் பெட்டியின் உலோக உடல் அந்த இணைப்பை நம்பித்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பெட்டியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இருக்கும். காற்றாடி கத்துவதைக் காது சொல்லும். நில இணைப்பு இல்லாததை விரல் சொல்லும். இரண்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. அப்படிச் சுருக்கென்று இருந்தால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்து வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷா ஆலம் இன்னொரு பாடத்தையும் கற்றுத் தந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் இழந்தன. வெள்ளம் வடிந்தபின் கணினியை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் தண்ணீர் காய்ந்தாலும் சேறு காய்ந்து போகாது. அது காற்றாடியின் அச்சிலும் மின்சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளத்தில் நனைந்த பவர் சப்ளைக்கு மறுவாழ்வு கிடையாது. ஹார்டு டிஸ்க்கில் அரிய படங்கள் இருந்தால், மின்சாரம் கொடுக்காமல் அப்படியே தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். போட்டுப் பார்ப்போமே என்ற ஒரு நொடி ஆசை, மீட்கக்கூடியதையும் அழித்துவிடும்.

வெளியேற்றிய பெட்டியைப் பழைய பேப்பர் லோரியில் போட்டுவிடுவதும் முறையல்ல. மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் தனி வகையாகவே சேர்க்கப்பட்டுள்ளது. அதைத் தெருவோரத்தில் உடைத்துச் செம்பை எடுத்தால், ஈயம் மண்ணுக்குப் போகும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையங்களில் ஒப்படைப்பதே சரியான வழி.

காது என்னும் கருவி

அவையோரே, இரைச்சலைக் கேட்டு இயந்திரத்தின் நோயை அறிவது நமக்குப் புதிய கலை அல்ல. பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வே தமிழர்கள் வாழ்ந்து வளர்த்த ஊர்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே வெடிப்பு இருக்கிறதா என்று கண்டறிவது உலகெங்கும் ரயில்வேயில் இருந்த வழக்கம். ஓசை தெளிவாக ஒலித்தால் சக்கரம் நலம். மந்தமாக ஒலித்தால் வண்டி புறப்படாது. அன்று ஒரு வண்டி நிறையப் பயணிகளின் உயிர் அந்தக் காதில் இருந்தது.

இன்று வீட்டுக்கு வீடு இயந்திரங்கள் பெருகிவிட்டன. கேட்கும் காதுதான் குறைந்துவிட்டது. குளிர்பதனப் பெட்டி உறுமினாலும், சலவை இயந்திரம் அதிர்ந்தாலும், கணினி கத்தினாலும், "அது அப்படித்தான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நின்றுபோன பிறகு, அதுவும் மகனுக்குத் தேர்வுப் பணி ஒப்படைக்க வேண்டிய நாளிலோ, கடைக்கு வருமான வரிக் கணக்கு முடிக்க வேண்டிய வாரத்திலோ நின்றுபோன பிறகு, அவசரத்தில் ஓடுகிறோம். அவசரத்தில் வாங்குவது மலிவுப் பொருள். மலிவுப் பொருளுக்கு மீண்டும் அதே சூடு, அதே இரைச்சல்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கணினியைப் போட்டு, ஐந்து நிமிடம் அதன் சத்தத்தைக் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலிருந்து, எந்த வகைச் சத்தம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தூசியைத் துடையுங்கள். காற்றுக்கு வழி விடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்கு முன்பாக, வேண்டிய கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். காற்றாடியைக் கடையில் வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.